கழிவு நூலுக்கும் ஒரு கணக்கு

நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி முதலில் நூல் இருப்பைப் பார்ப்பார். அடுத்துத் துணி இருப்பைப் பார்ப்பார். பின்னர் ரொக்கத்தை எண்ணிக் கையொப்பமிடுவார். கிடங்கின் மூலையில் சாக்குகளில் அடைபட்டுக் கிடக்கும் கழிவு நூலை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரியர். நானும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தேன். கொங்கு நாட்டுச் சங்கம் ஒன்றில், கழிவு நூல் முழுவதையும் எடை போடாமல், மூட்டைக் கணக்கில் ஒரு வியாபாரிக்கு விற்று வரவு வைத்திருந்ததை நான் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சேபணை இன்றி ஒப்புக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு, சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தன்று, தார் சுற்றும் வேலை செய்யும் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னிடம் வந்து, “ஏனுங்க, வெள்ளை நூலுக்கும் சாய நூலுக்கும் ஒரே விலைதானுங்களா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. காரியதரிசியிடமும் இல்லை. வியாபாரியிடம் இருந்தது, ஆனால் அவர் சொல்லவேண்டிய அவசியம் என்ன?

அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் இக்கட்டுரைக்குரிய விஷயம் எனக்குத் தெரியவந்தது. துணிக் கழிவை வாங்குவோரையும் விற்போரையும் கைப்பேசியின் வாயிலாகவும் கணிப்பொறியின் வாயிலாகவும் நேர்முகமாகச் சந்திக்கவைக்கும் இணையவழித் தளங்கள் இன்று உலகின் பல பாகங்களில் இயங்கிவருகின்றன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை, நம் சங்கங்கள் அவற்றை எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பனவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் கழிவு என்பது ஒரே பொருளன்று என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். நூற்பாலையில் சீப்பிடும்போது பிரியும் குட்டை இழைகள் ஒரு வகை. இவற்றை ஆலைக்காரர்கள் கோம்பர் நாயில் என்பார்கள். இது முறுக்கேறாத மென்மையான கழிவு. நேரே மறுபடி நூற்கலாம். ஆகையால் இதற்கு எப்போதும் நல்ல கிராக்கி உண்டு. முறுக்கேறிய நூல் துண்டுகள் மற்றொரு வகை. பாவு முடியும்போது அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் நெய்ய முடியாமல் நின்றுவிடும் முனைகளும், தார் சுற்றும்போது அறுந்து விழும் இழைகளும் இதில் சேரும். நம் சங்கங்களின் சாக்குகளில் இருப்பது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது, ஆடை தைக்கும் தொழிற்சாலைகளில் வெட்டு மேசையிலிருந்து விழும் துணித் துண்டுகள். திருப்பூரில் இதைப் பனியன் வேஸ்ட் என்று சொல்லாதவர் இல்லை. வெட்டும் துணியில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இவ்வாறு துண்டாகிப் போகிறது என்பது பொதுவான மதிப்பீடு. கடைசியாக, உடுத்திக் கிழிந்த பழந்துணி. இது பிரிப்பதற்கு மிகவும் கடினமானது. பொத்தான், தையல் நூல், அச்சிட்ட படம், இன்ன நூலென்று தெரியாத கலப்பு ஆகிய எல்லாம் அதில் உண்டு.

பழைய துணியையும் துண்டுத் துணியையும் மீண்டும் பஞ்சாக்குவது புதிய வித்தையன்று. முட்கள் பொருந்திய உருளைகள் துணியைக் கிழித்துக் கிழித்து இழையாக்கும். இவ்வாறு கிழிபடும்போது இழையின் நீளம் குன்றும். குன்றிய இழையை வழக்கமான ரிங் கதிர்களில் நூற்பது கடினம், ஓ.இ. மில் என்று நாம் சொல்லும் திறந்த முனை நூற்பாலைகளில் நூற்கலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இத்தகைய ஆலைகள் பல உள்ளன. அவற்றின் தடித்த நூல்தான் போர்வையாகவும் துண்டாகவும் தரை விரிப்பாகவும் உருவெடுக்கிறது. வட நாட்டில் அரியானாவின் பானிபட் நகரம் பழைய கம்பளி உடைகளைக் கிழித்துக் கம்பளமும் போர்வையும் செய்வதில் பெயர் பெற்றது. ஆகவே நம் நாட்டில் மறுசுழற்சி இல்லை என்று எவரேனும் மேடையில் பேசினால், அவர் நம் ஊர்ச் சந்துகளைப் பார்த்ததில்லை என்று பொருள். ஃபேஷன் ஃபார் குட் என்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் ஆண்டொன்றுக்கு 77.93 லட்சம் டன் துணிக் கழிவு சேர்கிறது என்றும், அதில் 59 விழுக்காடு மறுபயன்பாட்டின் மூலமோ மறுசுழற்சியின் மூலமோ திரும்பவும் ஜவுளித் தொழிலுக்கே வந்துவிடுகிறது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் குறை எங்கே? கழிவு கைமாறுகிறது, கணக்கு கைமாறுவதில்லை. இந்தச் சாக்கில் இருப்பது சுத்தப் பருத்தியா, பாலியெஸ்டர் கலந்ததா, எந்த ஆலையில் விழுந்தது, என்ன சாயம் ஏறியது என்ற விவரங்கள் முதல் கையிலேயே தொலைந்துபோகின்றன. நான்கு கை மாறி ஆலைக்கு வரும்போது மறுபடியும் ஆள் வைத்துப் பிரிக்கவேண்டியிருக்கிறது. பிரிப்புக் கூலியும் ஒவ்வொரு கையின் இலாபமும் சேர்ந்து, முதலில் விற்றவரின் விலையிலிருந்தே கழிக்கப்படுகின்றன. பருத்தி விவசாயிகளுக்கு இது தெரிந்த கதைதான். எடுப்பின்போது சாக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இழை கலந்துவிட்டால், அது துணியில் சாயம் ஏறாத கோடாக வந்து நிற்கிறது. அதற்கு அஞ்சியே ஆலைக்காரர் முன்கூட்டி விலையைக் குறைத்துவிடுகிறார். கழிவுத் துணியிலும் அவ்வாறே. நூற்றுக்கு நான்கைந்து பங்கு ரப்பர் போல் நீளும் எலாஸ்டேன் இழை கலந்த பனியன் துண்டு, சுத்தப் பருத்தி மூட்டைக்குள் புகுந்தால், கிழிக்கும் எந்திரத்தில் இழுபட்டுச் சுருண்டு தொல்லை தருகிறது.

இந்தத் தொலைந்துபோகும் கணக்கைக் காப்பாற்றும் கருவியாகத்தான் இணையவழித் தளம் வருகிறது. இதற்கு நாம் பார்க்கத்தக்க நல்ல உதாரணம் வங்கதேசம். ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றான அது, தனக்கு வேண்டிய பருத்தியில் மிகப் பெரும் பகுதியை வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. 2020-இல் அங்கே சுழற்சி ஆடைக் கூட்டுமுயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த குளோபல் ஃபேஷன் அஜெண்டா என்ற அமைப்பு தலைமை ஏற்க, வங்கதேச ஆடை உற்பத்தியாளர் ஏற்றுமதியாளர் சங்கம் துணை நிற்க, எஸ்தோனியா நாட்டில் தோன்றிய ரிவர்ஸ் ரிசோர்ஸஸ் என்ற நிறுவனம் தன் தளத்தை அளித்தது. ஆடைத் தொழிற்சாலைகள், மறுசுழற்சி ஆலைகள், வெளிநாட்டு வணிக முத்திரைகள் ஆகிய மூன்று தரப்பினரும் இதில் பங்கு கொண்டனர்.

அந்த முயற்சியின் பயனாக 2021-இல் வெளிவந்த மதிப்பீடு கருத்தூன்றிப் படிக்கத்தக்கது. 2019-ஆம் ஆண்டில் வங்கதேசத்தின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் துணி ஆலைகளிலும் ஏறத்தாழ 5,77,000 டன் கழிவு உண்டாயிற்று. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 2,50,000 டன், கலப்பற்ற பருத்தி. இந்தப் பருத்திக் கழிவை மறுசுழற்சியாளர்களுக்கு விற்றால் 10 கோடி டாலர் வரை கிடைக்கும். அதே ஆண்டில் அந்நாடு 16.3 லட்சம் டன் பஞ்சை ஏறத்தாழ 350 கோடி டாலருக்கு இறக்குமதி செய்தது. கழிவுப் பருத்தியை உள்நாட்டிலேயே மீண்டும் பஞ்சாக்கினால் இறக்குமதியில் சுமார் 15 விழுக்காட்டைக் குறைக்கலாம். சுமார் 50 கோடி டாலர் மிச்சமாகும். கழிவாக விற்றால் 10 கோடி, பஞ்சாக்கி உபயோகித்தால் 50 கோடி என்ற இந்த வித்தியாசத்தை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். அந்த 40 கோடியும் இலாபமன்று. எந்திரம், மின்சாரம், கூலி, கிழிபடும்போது தூசாகிப் போகும் இழை ஆகியவற்றின் செலவு அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் பொருளைப் பிரிக்காமல் விற்பவனுக்கும் பிரித்து விற்பவனுக்கும் உள்ள தூரத்தை அது ஒருவாறு காட்டுகிறது.

தளம் வேலை செய்யும் விதம் எளிதானது. தொழிற்சாலையின் வெட்டு மேசைக்கு அருகிலேயே நிறவாரியாகவும் நூல்வாரியாகவும் தனித்தனிச் சாக்குகள் வைக்கப்படுகின்றன. துண்டு தரையில் விழும் அந்த நேரத்தில், அது எந்தத் துணி என்பது அங்கிருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் கழிந்தால் எவருக்கும் தெரியாது. ஆகையால் பிரிப்பு வேலை அங்கேயே முடிந்துவிடவேண்டும். சாக்கு நிறைந்ததும் எடை போட்டு, அடையாளச் சீட்டு ஒட்டி, விவரத்தைத் தளத்தில் பதிகிறார்கள். எத்தனை கிலோ, என்ன கலவை, என்ன நிறம், எந்த ஊர் என்பது அப்பொழுதே வாங்குவோருக்குத் தெரிந்துவிடுகிறது. சாக்கை எடுத்துச் செல்பவரும், தரம் பார்ப்பவரும், கிழிக்கும் ஆலைக்காரரும் தத்தம் முறையில் பதிவு செய்கிறார்கள். கடைசியில் நூலாக வெளிவரும்போது, அது எந்தத் தொழிற்சாலையின் துண்டிலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று பார்க்க முடிகிறது.

இந்தப் பின்னோக்கிய பார்வைக்கு இன்று காசு உண்டு. மறுசுழற்சிப் பொருளுக்கு வழங்கப்படும் ஜி.ஆர்.எஸ். என்னும் உலகத் தரச் சான்று பெற, பொருளில் குறைந்தது 20 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்கவேண்டும். சான்றின் முத்திரையைக் கடைச் சரக்கில் பொறிக்க 50 விழுக்காடு வேண்டும். அத்துடன் கைமாறிய ஒவ்வொரு கட்டத்திற்கும் ஆவணம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் தன் உறுப்பு நாடுகளில் துணிக் கழிவைத் தனியே சேகரிக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. 2024 ஜூலை 18-இல் அங்கு நடைமுறைக்கு வந்த புதிய பொருள் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ், ஜவுளி உட்படப் பல சரக்குகளுக்கும் படிப்படியாக மின்னணு அடையாளச் சீட்டு கொண்டுவரத் திட்டமிடப்பட்டுள்ளது. கரூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சரக்கு அனுப்புவோர், தம் நூலின் பிறப்பைச் சொல்லவேண்டிய நாள் நெருங்குகிறது என்பதில் ஐயமில்லை.

நிறம் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கறுப்புத் துண்டுகளை மட்டும் சேர்த்துக் கிழித்தால் கறுப்பு நூலே வருகிறது. மறுபடி சாயம் ஏற்றவேண்டியதில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி, இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வங்கதேசத்தில் ஆடைத் துண்டுக் கழிவை ஜூட் என்பர். அந்த வியாபாரம் நெடுங்காலமாக உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களின் கையில் இருந்துவருகிறது. எந்தத் தொழிற்சாலையின் கழிவை யார் எடுப்பது என்பது விலையால் அன்றிச் செல்வாக்கால் தீர்மானமாகும் இடங்கள் பல. எல்லாரும் பார்க்கத்தக்க தளம் ஒன்று வரும்போது அவர்கள் மகிழ்ச்சி அடைவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்காக நாம் வருந்தவேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குக் கீழே, சிறு கொட்டகைகளில் தரையில் அமர்ந்து துண்டுகளை நிறம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். பிரிப்பு வேலை தொழிற்சாலைக்குள்ளேயே முடிந்துவிட்டால் இவர்களுடைய கூலி என்னாகும்? நம் ஊர்களிலும் பனியன் வேஸ்ட் குடோன்களில் இதே வேலையைச் செய்து குடும்பம் நடத்துபவர்கள் ஏராளம். தளங்களைப் புகழ்ந்து எழுதுவோர் இக்கேள்வியை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். இந்தப் பெண்களையே அங்கத்தினராகக் கொண்ட தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பிரிப்பு ஒப்பந்தத்தை அதற்கு அளிப்பது ஒன்றே தக்க வழி என்பது என் கருத்து. துண்டைத் தொட்டுப் பார்த்தே பருத்தியா கலப்பா என்று சொல்லும் அவர்களது விரல்களின் அறிவு, எந்தச் செயலியிலும் இல்லை.

பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கு வேறொரு அச்சம் இருக்கலாம்: கழிவிலிருந்தே பஞ்சு கிடைத்துவிட்டால் நம் பருத்தியை யார் வாங்குவார்கள்? முன்னர்ச் சொன்னபடி, கிழிபட்ட இழை குட்டையானது. அது தனித்து நிற்காது. நூலுக்கு வலுவேற்ற, நீண்ட புதுப் பருத்தியையோ பாலியெஸ்டரையோ அதனுடன் கலந்தே தீரவேண்டும். இன்று பல ஆலைகள் பெட் பாட்டில்களிலிருந்து செய்த பாலியெஸ்டரைக் கலக்கின்றன, அது மலிவு. ஆகவே பருத்திக்குப் போட்டி கழிவுப் பருத்தியன்று, பாலியெஸ்டரே என்று கொள்வது பொருந்தும். மேலும், தமிழ்நாட்டு ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் நம் மாநிலத்தில் விளைவது சிறு பங்கே.

ஏலத்தின் அருமையை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. திருச்செங்கோட்டு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலத்திற்குத் தம் மூட்டைகளைக் கொண்டுசென்று, பல வியாபாரிகள் போட்டியிட விலை பெற்றவர்கள் இதைப் படிப்போரில் இருப்பார்கள். 2016 ஏப்ரல் 14-இல் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் சந்தை, அதே ஏலத்தைக் கணிப்பொறியில் நடத்துகிறது. அதன் வெற்றி தோல்வி இரண்டும் தரப் பரிசோதனையைப் பொறுத்தே அமைகின்றன. சரக்கைக் கண்ணால் காணாத வெளியூர் வியாபாரி, பரிசோதனைச் சீட்டை நம்பினால்தான் விலை கூறுவார். இரும்புக் கழிவு வியாபாரத்திற்கென்று 1964-இல் அமைக்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம், இன்று அரசு நிறுவனங்களின் கழிவுப் பொருள்களை இணையவழி ஏலத்தில் விற்றுத் தருகிறது. கழிவை வெளிப்படையாக ஏலமிடுவது நம் நாட்டுக்கு அந்நியமான யோசனையன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நெசவாளர் சங்கங்களுக்குள்ள முதல் இடையூறு அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சங்கத்தில் 300 தறிகள் இருப்பதாகவும், தறியொன்றுக்கு மாதம் கால் கிலோ கழிவு சேர்வதாகவும் வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 75 கிலோ. மறுசுழற்சி ஆலைக்காரர் லாரிக் கணக்கில் வாங்குகிறவர். பத்து டன் லாரி ஒன்றை நிரப்ப இந்தச் சங்கம் பதினோரு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்! அதற்குள் எலியும் ஈரமும் சும்மா இருக்கமாட்டா. இதே போன்ற நாற்பது சங்கங்கள் ஒன்று சேர்ந்தால் மாதம் 3,000 கிலோ. மூன்றரை மாதத்திற்குள் ஒரு லாரி. தனித்தனியே தளத்தில் பதிந்துகொள்வதால் சங்கங்களுக்கு யாதொரு பயனும் இல்லை. வட்டார அளவில் ஒரு சேகரிப்புக் கிடங்கு, ஒரு தராசு, ஒரு பதிவு என்று ஏற்பட்டால்தான் வாங்குவோர் திரும்பிப் பார்ப்பார்கள். சிறு அளவினரைச் சேர்த்துப் பேரம் பேசும் பலமுள்ளவராக்குவதற்காகவே கூட்டுறவு தோன்றியது. இங்கே அதற்குரிய வேலை காத்திருக்கிறது.

இரண்டாவது, கழிவு யாருடையது என்ற கேள்வி. சங்கம் நூல் கொடுக்கிறது. நெசவாளர் துணியாகத் திருப்புகிறார். இடையில் கழிவுக்கென்று ஒரு சலுகை எடை அனுமதிக்கப்படுகிறது. அந்த எடைக்குரிய நூல் துண்டுகள் சில இடங்களில் சங்கத்திற்கு வருகின்றன. சில இடங்களில் நெசவாளர் வீட்டிலேயே தங்கி, விளக்குத் திரியாகவும் கொடிக் கயிறாகவும் மாறுகின்றன. விலை ஏறினால் இதில் தகராறு வரும். ஆகையால் விற்பனை தொடங்குமுன்பே, கழிவை ஒப்படைக்கும் அங்கத்தினருக்கு எடைக்கேற்ப என்ன பங்கு என்பதை நிர்வாகக் குழு தீர்மானம் செய்து பதிந்துவிடவேண்டும். பாவு முனையை வீட்டில் பிரித்து நிறவாரியாகக் கொண்டுவருபவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம்.

பட்டு நெசவு செய்யும் சங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அசல் சரிகை என்பது பட்டிழைமீது வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. தெருவில் கூவிக்கொண்டு வந்து பழைய பட்டுச்சேலையை வாங்கிச் செல்பவர்கள் அந்த வெள்ளிக்காகவே வருகிறார்கள். சரிகைத் துண்டைப் பருத்திக் கழிவுச் சாக்கில் போடும் சங்கத்தை நான் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி மேலும் எழுதினால் அவர்கள் மனம் புண்படும்.

தளத்தின் சொந்தக்காரர் யார் என்று கேட்கவும் அங்கத்தினர்கள் தயங்கக்கூடாது. தனியார் தளம் இன்று கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டு, நாளை கமிஷன் கேட்கலாம். நம் கழிவின் அளவும் நிறமும் அவர்களிடம் சேரச் சேர, எந்தச் சங்கம் எவ்வளவு நெய்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கமிஷன் எவ்வளவு, எடையில் வித்தியாசம் வந்தால் யார் தராசு செல்லும், பணம் எத்தனை நாளில் வரும், விலகினால் நம் பதிவுகள் நம்மிடம் திரும்புமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்கவேண்டும். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட திட்டம், ஏறத்தாழ 63,000 சங்கங்களைப் பொதுவான ஒரு மென்பொருளில் இணைப்பது. நெசவாளர் சங்கங்களின் கழிவு நூலுக்கும் அத்தகைய சொந்த ஏற்பாடு ஒன்று இருந்தால் இந்தக் கவலைகளில் பாதி தீரும். அதுவரை காத்திருக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன்.

ஏனெனில் முதல் வேலைக்குக் கைப்பேசியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். நான்கு சாக்கும் ஒரு பதிவேடும் போதும். வெள்ளைப் பருத்தி ஒன்று, வெளிர்நிறம் ஒன்று, அடர்நிறம் ஒன்று, கலப்பு நூல் ஒன்று. பதிவேட்டில் தேதி, நூலின் நம்பர், நிறம், எடை, ஒப்படைத்தவர் பெயர், கையொப்பம். சாக்குக்குச் சணலும் பிளாஸ்டிக் இழையும் உதவா. பழைய பருத்தித் துணியில் தைத்த பையே நல்லது. எண்ணெய்க் கறை பட்டதைத் தனியே வைக்கவேண்டும். அது தீப்பிடிக்கும் பொருளுமாகும். ஆறு மாதம் இவ்வாறு எழுதிவந்தால், தளத்தில் பதிவதற்குரிய விவரங்கள் அனைத்தும் அந்தப் பதிவேட்டிலேயே இருக்கும். இது இல்லாத சங்கத்திற்கு எவ்வளவு சிறந்த செயலியைக் கொடுத்தாலும், அதில் நிரப்புவதற்கு ஒன்றும் இராது.

நான் முதலில் குறிப்பிட்ட சங்கத்தில், சென்ற ஆய்வின்போது, மூட்டைக் கணக்கு விற்பனைக்கு ஆட்சேபணை எழுதினேன். முந்திய இரண்டு ஆண்டுகளில் எழுதாமல் விட்டதையும் குறிப்பில் சேர்த்தேன். நிர்வாகக் குழு பதிவேடு வைக்கத் தீர்மானித்தது. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் மூன்றுக்குக் கடிதம் எழுதி, ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்திருக்கிறது. கிடங்கில் இப்போது நான்கு பைகள் தொங்குகின்றன. வெள்ளைப் பைக்குள் சாய நூல் விழாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தத் தார் சுற்றும் அம்மையாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அடுத்த காலாண்டு ஆய்வின்போது அவர் என்னிடம் கேட்கப்போகும் கேள்விக்கு, இந்தத் தடவையாவது விலைச் சீட்டுடன் விடை சொல்ல எண்ணியிருக்கிறேன்.